கடைசி அத்தியாயம் வரை காத்திருக்காதீர்கள்

கிரைம் நாவல் விரும்பிப் படிப்பவர்கள் வழக்கு விஷயமாக வந்தால், பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். "வக்கீல் சார், முக்கியமான எவிடென்ஸ் ஒண்ணு கையில இருக்கு. இப்ப யாருக்கும் காட்ட வேண்டாம், நேரா கோர்ட்ல போட்டு உடைச்சிடலாம்" என்பார்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நம்பிக்கை தெரியும். வழக்கை அப்போதே ஜெயித்துவிட்ட நம்பிக்கை அது. குற்ற வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில், அந்த நம்பிக்கை எத்தனை பேருக்கு நஷ்டமாக முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் இந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவன். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவலை வாங்கி, ஊர் போய்ச் சேருவதற்குள் முடித்துவிடுவேன். படித்தவர்கள் பேசுவதைக் கேட்டால் மூன்று பேச்சு திரும்பத் திரும்ப வரும். "கீழே வைக்கவே முடியல." "கொலையாளி யார்னு பாதியிலயே கண்டுபிடிச்சிட்டேன்." "கடைசி ட்விஸ்ட்டை எதிர்பார்க்கவே இல்லை." மூன்றுமே எழுத்தாளர் எதை எவ்வளவு நேரம் மறைத்து வைத்தார் என்பதற்குக் கிடைக்கும் பாராட்டுதான். மறைப்பதில்தான் அந்தக் கலையே இருக்கிறது. ஆனால் நிஜ வழக்கு அதற்கு நேர் எதிராக நடப்பது. எதை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுதாகச் சொன்னீர்கள் என்பதை வைத்துத்தான் கோர்ட் உங்களை நம்பும்.

ஒரு அடிதடி வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடை வாசலில் நடந்த சண்டை. அடிபட்டவரின் மேல்தான் எதிர்த்தரப்பு முதலில் புகார் கொடுத்துவிட்டது. எதிர்க்கடை சிசிடிவியில் யார் முதலில் கை வைத்தது என்று தெளிவாகப் பதிவாகியிருந்தது. அடிபட்டவரின் அண்ணன் அன்றைக்கே அந்தக் கடைக்குப் போய், மானிட்டரில் ஓடிய காட்சியைத் தன் மொபைலில் வீடியோ எடுத்து, வாட்ஸப்பில் தம்பிக்கு அனுப்பி வைத்தார். அதோடு சரி. போலீஸிடம் சொல்லவில்லை, முதலில் பார்த்த வக்கீலிடமும் சொல்லவில்லை. "அவங்க பொய் சாட்சி சொல்லி முடிக்கட்டும், அப்புறம் காட்டுவோம்" என்பது அவர் கணக்கு.

விசாரணைக்கு வழக்கு வந்தபோது என்ன மிச்சம் இருந்தது? கடையில் இருக்கும் டி.வி.ஆர் பெட்டி, ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டு போகும். பல கடைகளில் இரண்டு, மூன்று வாரம் தாண்டிய காட்சி இருக்காது. அசல் அழிந்துபோனது. கையில் இருந்தது மானிட்டரைப் படம் பிடித்த வீடியோ, அதுவும் வாட்ஸப் சுருக்கிக் கொடுத்த பிரதி. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் பிரதியைத் தாக்கல் செய்ய வேண்டுமானால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். சட்டத்தோடு இணைத்திருக்கும் படிவத்தில் அது இரண்டு பாகம். ஒன்றைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர் நிரப்ப வேண்டும். அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. வீடியோவை வெட்டினாலோ சுருக்கினாலோ எண் மாறிவிடும். பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கில் சொன்னது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதையே உறுதி செய்தது. ஆகவே இது புதிதாக முளைத்த கெடுபிடி இல்லை.

அந்த அண்ணன் அன்றைக்கே புகாரோடு சேர்த்து "இன்ன கடையில் கேமரா இருக்கிறது, பதிவைக் கைப்பற்றுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், போலீஸ் அந்தப் பெட்டியை மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) போட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை என்றாலும், கேட்டும் எடுக்கவில்லை என்று நாம் பிற்பாடு காட்ட எழுத்தில் ஒரு சான்று இருந்திருக்கும். "இவ்வளவு நாள் ஏன் வெளியே காட்டவில்லை?" என்ற எதிர்த்தரப்பின் கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் பலவீனமானது. உண்மையாகவே நடந்த சம்பவம், ஜோடித்தது போலத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

கோர்ட்டில் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஒரு சாட்சி வருவது சட்டத்தில் முழுக்க முடியாத காரியம் இல்லை. நியாயமான தீர்ப்புக்கு அவசியம் என்று நீதிபதி கருதினால் எந்தக் கட்டத்திலும் யாரையும் சாட்சியாக அழைக்கலாம். ஆனால் அது விதிவிலக்கு. சாதாரணமாக, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம், அரசு தரப்பு நம்பியிருக்கும் ஆவணம் எல்லாவற்றின் நகலும் விசாரணை தொடங்கும் முன்பே குற்றம்சாட்டப்பட்டவர் கைக்கு வந்துவிடும். அவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். எதிராளி என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொண்டேதான் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்கிறோம்.

அந்தக் குறுக்கு விசாரணையையும் நேரில் பார்த்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நாவலில் வக்கீல் மேஜையைத் தட்டுவார், சாட்சி வியர்த்துப்போய் உண்மையைக் கக்குவார். இங்கே நான் ஒரு கேள்வி கேட்பேன், சாட்சி பதில் சொல்வார், நீதிபதி அதை வாக்கியமாக்கிச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிப்பார். "நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல." கிட்டத்தட்ட எல்லா சாட்சியத்தின் கடைசி வரியும் இதுதான். யாரும் உடைந்து அழுவதில்லை. ஆனால் அந்தத் தாளில் "சம்பவ இடத்தில் தெருவிளக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது" என்று ஒரு வரி ஏறியிருந்தால், தீர்ப்பையே திருப்பிவிட அது போதும்.

அமெரிக்க கோர்ட் கதைகளில் வக்கீல்கள் நடிகர்களைப் போலப் பேசுவதற்குக் காரணம் ஜூரி. சட்டம் படிக்காத பன்னிரண்டு பேரின் மனதை மாற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. நம் ஊரிலும் ஜூரி இருந்தது. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி மேல் நடந்த கொலை வழக்கில் பத்திரிகை வாசகர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ஜூரி 8-க்கு 1 என்று அவரைக் குற்றவாளி இல்லை என்றது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. இன்றைக்கு உங்கள் வழக்கைத் தீர்மானிப்பவர் எதற்கும் காரணம் எழுதியாக வேண்டிய நீதிபதி. வசனத்தைக் காரணமாகக் காட்டி அவரால் தீர்ப்பு எழுத முடியாது.

சாட்சிகள் பாதியை விழுங்கிவிடுவது இன்னொரு பெரிய சிக்கல். கண்ணால் பார்த்த ஒரு அம்மா, போலீஸ் விசாரித்தபோது கொஞ்சம்தான் சொன்னார். மீதியை ஜட்ஜ் ஐயா முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடச் சொல்லவும் கூடாது. அதற்காக அது மதிப்பில்லாத காகிதம் ஆகிவிடாது. முக்கியமான விஷயத்தை அங்கே சொல்லாமல் விட்டுவிட்டுக் கோர்ட்டில் முதல்முறையாகச் சொன்னால், அந்த விடுபடலையே முரண்பாடாகக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்யலாம். "புலன் விசாரணை அதிகாரியிடம் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்டால், அந்த அம்மாவிடம் என்ன பதில் இருக்கும்? பார்த்ததை முதல் தடவையே முழுதாகச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குப் போகப் பயமாக இருந்தால், பெண்களையும் 15 வயதுக்குக் குறைந்தவர்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்தில்தான் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

குற்றம்சாட்டப்பட்டவர்களின் குடும்பத்தில் வேறொரு நினைப்பு ஓடுகிறது. நாவலின் முடிவில் குற்றவாளி இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார், கதை முடியும். அதைப் படித்துப் படித்து, "ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டாயிற்று, இனி என்ன இருக்கிறது" என்று கையை விரித்துவிடுகிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். கத்தியோ நகையோ எங்கிருந்து எடுத்ததாக மகஜரில் எழுதியிருக்கிறது, யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் வழக்கில் பெரிய சண்டையாவது இதனால்தான். வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மை கண்டறியும் சோதனைகளையும் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேட்டாலே எனக்குப் பதறும் ஒரு பேச்சு உண்டு. "ஆள் காணாமப் போய் 24 மணி நேரம் ஆகணும்ல சார், அப்புறம்தானே கம்ப்ளைன்ட் எடுப்பாங்க?" அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் கிடையாது. காணாமல் போனது குழந்தை என்றால் உடனே எஃப்.ஐ.ஆர் போட வேண்டும், கடத்தல் என்றே முதலில் கருத வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதே ஆண்டு லலிதா குமாரி வழக்கில், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் பதிவு செய்வது கட்டாயம் என்றும் சொன்னது. எல்லை வேறு என்று திருப்பி அனுப்பவும் கூடாது. சி.எஸ்.ஆர் ரசீதை வாங்கிக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. அது மனு ரசீதுதான், எஃப்.ஐ.ஆர் இல்லை. எஃப்.ஐ.ஆர் போட்டால் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

துப்பறியும் வேலையில் நிஜமாகவே கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, ஆனால் அது வேறு மாதிரியானது. 1952-இல் சென்னையிலிருந்து கிளம்பிய போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் இருப்பது மானாமதுரையில் தெரியவந்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இவ்வளவும் அப்படியே நாவல்தான். வழக்கு நின்றதோ, அந்தத் தலையும் உடலும் ஒரே ஆளுடையவை என்று தடயவியல் மருத்துவர் பொறுமையாக நிறுவியதிலும், இறந்தவரின் விரல்ரேகை அவருடைய பழைய ராணுவப் பதிவோடு ஒத்துப்போனதிலும். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தால் இது புரியும். "இரவு 10.17-க்கு மரணம்" என்று எந்த டாக்டரும் எழுதுவதில்லை. பரிசோதனைக்கு 12 முதல் 18 மணி நேரத்துக்கு முன்பு இறந்திருக்கலாம் என்கிற மாதிரிதான் எழுதுவார். உடல் விறைப்பது வெயில், மழை, உடல்வாகு எல்லாவற்றையும் பொறுத்து மாறும்.

நேரில் பார்த்த சாட்சி இல்லாமல், சந்தர்ப்ப சாட்சியங்களை மட்டுமே நம்பி நடக்கும் வழக்குகளுக்கு 1984-இல் சரத் சர்தா தீர்ப்பு வகுத்த அளவுகோலை, பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடும் வாசகர்களிடம் நான் அடிக்கடி சொல்வேன். சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடக் கூடாது. குற்றம்சாட்டப்பட்டவர் நிரபராதி என்று கொள்ள நியாயமான எந்த இடமும் மிஞ்சக் கூடாது. "அவன்தான், அவன் முழியே சரியில்லை" என்பது நாவல் படிக்கும்போது நல்ல விளையாட்டு. பக்கத்துத் தெருவில் நிஜமாக ஒரு சாவு நடந்த அன்று, அதையே ஃபேஸ்புக்கில் ஒருவரின் போட்டோவோடு போடுவது இன்னொரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சம்பவ இடத்தில் பொருட்களைத் தொட்டுப் பார்த்து ஆராய்வதும் வேண்டாம். உங்கள் கைரேகையும் கால்தடமும் அங்கே விழுந்தால், உண்மையான தடயத்தை நீங்களே அழித்ததாகிவிடும்.

வக்கீலிடம் வரும்போது உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லுங்கள். அன்றைக்குக் குடித்திருந்தேன், முன்பே ஒரு கேஸ் இருக்கிறது, அந்த மெசேஜை நான்தான் அனுப்பினேன் என்பவற்றை எதிர்த்தரப்பு சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். தொழில் முறையில் நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட வக்கீலுக்கு உரிமை கிடையாது. இனி செய்யப்போகும் குற்றத்துக்குத் துணை கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. சம்பவ நேரத்தில் வேறு ஊரில் இருந்தேன் என்பது உங்கள் வாதம் என்றால், பஸ் டிக்கெட், டோல்கேட் ரசீது, லாட்ஜ் பதிவேடு, ஏ.டி.எம் சீட்டு எது இருந்தாலும் அந்த வாரமே கொண்டுவாருங்கள். வேறு இடத்தில் இருந்ததைக் காட்டும் பொறுப்பு அப்படிச் சொல்பவருக்குத்தான்.

பீஸ் கொடுக்க வழியில்லை என்று தள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது எஃப்.ஐ.ஆர் நகல், கோர்ட்டிலிருந்து வந்த சம்மன், மொபைலில் இருக்கும் அசல் பதிவு, மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.