பாடத்துக்கு ஜெராக்ஸ்: சட்டம் எதைப் பார்க்கிறது?

"புத்தகத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்தால் குற்றம்" என்று ஆசிரியர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

குழப்பத்துக்கு ஒரு காரணம், இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பல அமெரிக்காவின் 'ஃபேர் யூஸ்' (நியாயமான பயன்பாடு) விதி பற்றியவை. அங்கே நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, விற்பனைக்கு வரும் பாதிப்பு ஆகிய நான்கையும் நீதிமன்றம் எடைபோடும். நமது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமோ, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவில் நீளமாகப் பட்டியலே போட்டிருக்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ எடுக்கும் நகல் அதில் ஒன்று. வினாத்தாளில் எடுத்தாள்வதும் அப்படியே.

இதை உரசிப் பார்த்த வழக்கு ஒன்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. பக்கங்களை எண்ண வேண்டியதில்லை, பாடத்துக்கு அது தேவைப்பட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. அடுத்த ஆண்டு பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

ஆக, பாலக்கோட்டில் ஓர் ஆசிரியை பிளஸ் டூ வகுப்புக்காக இரண்டு அத்தியாயங்களை நகலெடுத்துக் கொடுக்க நினைத்தால் தாராளமாகச் செய்யலாம். அதே நூலை முழுக்க ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய வாட்ஸ்அப் குழுவில் போட்டால்? அங்கே வகுப்பும் இல்லை, பாடமும் இல்லை. இந்த விலக்கு துணைக்கு வராது. ஆண்டு விழாவும் இப்படித்தான். ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும் வரை சினிமாப் பாட்டுக்கு ஆடலாம். யூடியூபில் ஏற்றியதும் பார்வையாளர் வட்டம் உடைந்துவிடுகிறது. பள்ளிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

நூலகத்துக்கு விதி வேறு. லாப நோக்கமற்ற பொது நூலகம், இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலைத் தன் பயன்பாட்டுக்காக மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் நூலுக்கு இந்தச் சலுகை இல்லை. கையில் அச்சுப் பிரதி இருந்தால், அதைப் பாதுகாக்க டிஜிட்டலாகச் சேமிக்கவும் 2012 திருத்தம் வழிவிட்டது.

அப்புறம், பதிப்புரிமையின் காலக்கெடு. எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் எழுத்துகளை இன்று யாரும் அச்சிடலாம். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி இறந்தது 1972 டிசம்பரில். அவர் வாழ்நாளில் வெளியான நூல்களுக்குச் சட்டம் தரும் காலம் 2032 முடிய. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிவாவின் நூலுக்கு இன்று ஒருவர் எழுதும் முன்னுரையும் அடிக்குறிப்பும் அந்தப் பதிப்பாசிரியருக்குச் சொந்தம். ஸ்கேன் செய்யும்போது அந்தப் பக்கங்களை விட்டுவிடுங்கள்.