டிராம் வாசலுக்கு வந்தபின் கேட்டு வாங்க வேண்டியவை: பாரிஸ் புறநகர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்

1938 ஆகஸ்ட் 14ஆம் தேதி, பாரிஸின் கிழக்குப் புறநகரில் லெ ரான்சிக்கும் மொன்ஃபெர்மேய்க்கும் இடையே ஓடிய 112ஆம் எண் டிராம் நின்றுபோனது. பாரிஸ் நகருக்குள் அதற்கு முந்தைய ஆண்டே டிராமை ஒழித்துக்கட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் பஸ்ஸாக்கிய காலம் அது. அந்தக் கடைசித் தடம் போய்ச் சேர்ந்த அதே மேட்டு ஊருக்கு டிராம் திரும்பி வர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2019 டிசம்பரில் டி4 தடத்தின் புதிய கிளை பக்கத்து ஊரான கிளிஷி-சூ-புவாவுக்குள் நுழைந்தது. 2020 ஆகஸ்ட் இறுதியில் மொன்ஃபெர்மேய் மருத்துவமனை வரை போனது. கிளையின் நீளம் ஆறரை கிலோமீட்டர், புதிய நிறுத்தங்கள் 11.

இடைப்பட்ட காலத்தில் கிளிஷியின் நிலை என்ன? பாரிஸிலிருந்து 15 கிலோமீட்டர்தான். ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. பஸ் பிடித்து, பக்கத்து ஊர் நிலையத்தில் மாறி நகரத்துக்குள் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2005 அக்டோபர் 27 அன்று, போலீசுக்குப் பயந்து மின்மாற்றி நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தது இந்த ஊரில்தான். அதன்பின் மூன்று வாரம் பிரான்ஸ் முழுக்கக் கார்கள் எரிந்தன. ஊர் இப்படித் துண்டாகக் கிடக்கிறது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தலைநகரின் காதில் விழுந்தது. அப்படியும் டிராம் வர இன்னும் 14 ஆண்டுகள் பிடித்தன.

இது வெறும் பாதைக் கதை அல்ல. லா கூர்நேவ், பொபினி, பொண்டி, ஓல்னே என்று நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் 93ஆம் மாவட்டத்தில் (சென்-சான்-தெனி) டி1, டி4 டிராம்கள் இரண்டும் அன்றாடச் சமாச்சாரம். பாதையை யார் தீர்மானிக்கிறார்கள், நாம் எங்கே வாய் திறக்கலாம், பயணச் செலவில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

யார் போடுகிறார்கள், யார் கொடுக்கிறார்கள்

பாரிஸைச் சூழ்ந்த பிராந்தியம் முழுவதற்கும் போக்குவரத்து அதிகாரம் ஒரே அமைப்பிடம் இருக்கிறது. அதன் பெயர் இல்-து-பிரான்ஸ் மொபிலித்தே. எந்தத் தடம் வரும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, கட்டணம் எவ்வளவு என்பதை அதன் நிர்வாகக் குழு முடிவு செய்யும். பிராந்தியத் தலைவரே அதற்கும் தலைவர். தண்டவாளம் போடும் செலவை மத்திய அரசு, பிராந்தியம், மாவட்டம் ஆகியவை பங்கிட்டுக்கொள்கின்றன.

ஓட்டும் செலவில் பெரும்பங்கு பயணிகளின் டிக்கெட்டிலிருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 11 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மொத்தச் சம்பளக் கணக்கில் ஒரு பங்கைப் போக்குவரத்து வரியாகக் கட்ட வேண்டும். 1971இல் பாரிஸ் பகுதிக்கென்று கொண்டுவந்த ஏற்பாடு இது. பாரிஸிலும் அதை ஒட்டிய ஓ-து-சென் மாவட்டத்திலும் 2024 பிப்ரவரி முதல் 3.2 விழுக்காடு. நகரத்து அலுவலகங்களும் உணவகங்களும் தங்களுக்கு வேலையாள் வந்து சேர்வதற்குக் கொடுக்கும் கூலி என்றே இதைச் சொல்லலாம். கிளிஷியிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வந்து அலுவலகத்தைத் துடைக்கும் பெண்ணுக்கு யாரோ இலவசமாக டிராம் விட்டதுபோல் பேசுபவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

பதிவேட்டில் எழுத யாருக்கு உரிமை

பாதை நீட்டுவதற்கு முன் கட்டாயமாக நடக்க வேண்டியது பொது விசாரணை, இங்கே சொல்வதுபோல் ‘ஆங்கேத் பப்ளிக்’. நகரசபையில் திட்ட வரைபடங்களை வைப்பார்கள், இணையத்திலும் போடுவார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு தேவைப்படும் இத்தகைய திட்டங்களுக்கு விசாரணை குறைந்தது 30 நாள் நடக்கும். பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டாம், வாக்குரிமை வேண்டாம். ‘வேலை முடிய இரவு ஒரு மணி ஆகும், அதற்குப் பிறகு வண்டி இல்லை’ என்று நாலு வரி எழுதினாலும் அது ஆவணத்தில் ஏறும். விசாரணை ஆணையர் வந்த கருத்துகளை ஆராய்ந்து தன் அறிக்கையில் தொகுத்துச் சொல்லியாக வேண்டும். அவர் ஆதரவாகவோ, நிபந்தனையோடோ, எதிராகவோ கருத்துச் சொல்வார். அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிராகச் சொல்லிவிட்டால் பின்னால் நீதிமன்றத்தில் அது பெரிய ஆயுதம்.

அதன் பிறகு பொதுநலப் பிரகடனம். இது வந்தால்தான் நிலம் எடுக்கலாம். இதை எதிர்த்து நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக இரண்டு மாத அவகாசம் உண்டு.

சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். டிராம் வேண்டும் என்று கேட்கும் ஊர் தடத்தின் கடைசியில் இருக்கும். தண்டவாளமோ நடுவில் இருக்கும் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். நடு ஊருக்கு ஏற்கெனவே ரயில் இருக்கும். அவர்களுக்குக் கிடைப்பது பல ஆண்டுத் தூசும், போன கார் நிறுத்துமிடமும், வெட்டுப்பட்ட மரங்களும். டி4 கிளைக்கு லிவ்ரி-கார்கானும் பவியோன்-சூ-புவாவும் எதிர்ப்புக் காட்டியது இதனால்தான். டி1 கதை இன்னும் மோசம். 1992இல் சான்-தெனிக்கும் பொபினிக்கும் இடையே திறந்து, 2003இல் நுவாசி-லெ-செக் வரை வந்த தடம் அது. அதைக் கிழக்கே மொன்த்ரேய் வழியாக வால்-து-ஃபொந்தனே வரை நீட்டும் திட்டம், நுவாசியின் ழான் ழோரெஸ் தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்ற சண்டையில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டது. 2014இல் பொதுநலப் பிரகடனம் கிடைத்தும் பத்து ஆண்டு கழித்து அங்கே பயணிகள் ஏறியபாடில்லை. அந்தத் தெருக் கடைக்காரர்களின் கவலை பொய்யில்லை. ஆனால் ஒரு தெருவுக்காக நாலு ஊர் காத்திருந்தது என்பதும் பொய்யில்லை.

கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: தண்டவாள வேலை நடக்கும்போது வியாபாரம் படுத்தால் இழப்பீடு கேட்கலாம். பெரிய டிராம் திட்டங்களில் இதற்கென்று ஒரு சமரசக் குழு வைப்பது வழக்கம். ‘ஆட்கள் வரவில்லை’ என்று வாயால் சொன்னால் போதாது. முந்தைய ஆண்டுகளின் கணக்குப் பதிவுகளைக் காட்டி, இழப்பு இந்த வேலையால்தான், அதுவும் பக்கத்திலுள்ள எல்லோருக்கும் வரும் சாதாரணத் தொல்லையைத் தாண்டியது என்று நிறுவ வேண்டும். கணக்கில் காட்டாத வியாபாரத்துக்கு இழப்பீடும் கிடையாது. நிலமோ கடையோ எடுக்கப்பட்டால் அது வேறு வழி. தொகையில் உடன்பாடு வராவிட்டால் நில எடுப்பு நீதிபதி தீர்மானிப்பார். அதில் உரிமையாளருக்கு மட்டுமல்ல, வாடகைக்குக் கடை நடத்துபவருக்கும் பங்கு உண்டு.

இனிப் பணத்துக்கு வருவோம்

2015 செப்டம்பருக்கு முன் பிராந்தியம் ஐந்து கட்டண வளையங்களாக இருந்தது. தூரத்தில் இருப்பவன் அதிகம் கொடுத்தான். வீட்டு வாடகை குறைவென்று வெளியே போன ஏழைக்குத்தான் மாதச் சீட்டும் விலை அதிகம். அந்த மாதம் முதல் எல்லா வளையத்துக்கும் ஒரே விலை, 70 யூரோ. அப்புறம் ஏறி ஏறி 2025இல் 88.80 ஆனது.

மாதச் சீட்டில் வளையம் ஒழிந்தது. ஆனால் 2025 ஜனவரியில் வந்த தனி டிக்கெட் முறையில் ஒரு புதுச் சுவர் எழும்பியிருக்கிறது. அந்த ஆண்டு பஸ், டிராம் டிக்கெட் 2 யூரோ. மெத்ரோ, ரயில், ஆர்.இ.ஆர். (நகரையும் புறநகரையும் இணைக்கும் விரைவு ரயில்) டிக்கெட் 2.50 யூரோ, விமான நிலையம் தவிர எவ்வளவு தூரமானாலும் இதே விலை. தூர ஊர்க்காரருக்கு இது நல்ல செய்திபோல் தெரியும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு அதே டிக்கெட்டில் மாற முடியாது. டிராமிலிருந்து பஸ்ஸுக்கோ இன்னொரு டிராமுக்கோ 90 நிமிடத்துக்குள் மாறலாம். டிராமிலிருந்து ரயிலுக்கு மாறினால் இன்னொரு டிக்கெட்.

கிளிஷிக்காரர் ஒருவர் டி4 பிடித்து பொண்டியில் இறங்கி, ஆர்.இ.ஆர். இ ஏறி பாரிஸ் போகிறார் என்று வையுங்கள். 2025 விலையில் 2 யூரோவும் 2.50 யூரோவும் சேர்த்து போக 4.50, வர 4.50, ஆக நாளுக்கு 9 யூரோ. ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய பொண்டிக்காரருக்கு 5 யூரோவோடு முடிந்துவிடும். டிராம் தேவைப்படும் ஊர்தான் கூடுதலாகக் கொடுக்கிறது. என்னைக் கேட்டால், புதிய கட்டண முறையின் பெரிய ஓட்டை இது.

ஆகவே மாதம் பத்து நாள் வேலைக்குப் போனாலே தனி டிக்கெட்டுக்கு 90 யூரோ ஆகிவிடும், மாதச் சீட்டே மலிவு. முதலாளியின் பங்கையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறும்.

அந்தப் பங்கு இதுதான். சம்பளத்துக்கு வேலை செய்யும் எவருக்கும், அவருடைய நவிகோ (பிராந்தியப் பயண அட்டை) வார, மாத, ஆண்டுச் சீட்டு விலையில் பாதியை முதலாளி திருப்பித் தர வேண்டும். இது சலுகை அல்ல, சட்டம். சின்னக் கடை, பெரிய நிறுவனம் என்ற வேறுபாடு இல்லை. 11 பேர் என்ற எல்லை மேலே சொன்ன வரிக்குத்தான், இதற்கில்லை. அரசு ஊழியர்களுக்கு 2023 செப்டம்பர் முதல் முக்கால் பங்கு. தொகை சம்பளப் பட்டியலில், அதாவது ‘ஃபிஷ் து பே’யில், தனி வரியாக வர வேண்டும். தனி டிக்கெட்டுக்கு இந்த உரிமை கிடையாது. அதனால்தான் டிக்கெட் டிக்கெட்டாக வாங்கிப் போகிறவர் இரண்டு பக்கமும் நட்டப்படுகிறார். பாதி திரும்பி வந்தால் 2025 விலையில் உங்கள் கையிலிருந்து போவது 44.40. ஐந்தாவது வேலை நாளிலேயே அது கட்டுப்படியாகிவிடும்.

பகுதி நேர வேலை என்றால் கிடையாது என்று சில உணவகங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தவறு. முழுநேரத்தில் பாதியோ அதற்கு மேலோ, அதாவது வாரம் பதினேழரை மணி நேரமோ கூடுதலோ வேலை செய்தால், முழுநேரக்காரருக்கு உள்ள அதே தொகை. அதற்குக் குறைந்தால் விகிதப்படி. வாரம் 15 மணி நேரம் என்றால் 44.40இல் பதினேழரைக்குப் பதினைந்து பங்கு, சுமார் 38 யூரோ. சீட்டு வாங்கியதற்கான சான்றை மட்டும் கொடுக்க வேண்டும். அதை நவிகோ கணக்கிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மாதச் சீட்டு 1ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து முப்பது நாள் அல்ல. அடுத்த மாதத்துக்கு 20ஆம் தேதியிலிருந்தே வாங்கிவைக்கலாம். சீட்டு இருந்தாலும் டிராமில் ஏறும் ஒவ்வொரு முறையும் அட்டையைத் தட்ட வேண்டும். வாசலில் தடுப்பு இல்லாததால் மறந்துபோகும். பரிசோதகர் மறப்பதில்லை.

62 வயதுக்கு மேல், பிராந்தியத்தில் குடியிருந்து, வேலைக்குப் போகாதவர்களுக்கு முதியோர் நவிகோ பாதி விலையில் கிடைக்கும். வீட்டில் அம்மா அப்பா இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லாத துணை மருத்துவக் காப்பீடு பெறும் குறைந்த வருமானக்காரர்களுக்கு 75 விழுக்காடு வரை கழிவு உண்டு. விசா, அகதி அந்தஸ்து எதுவும் இன்னும் கிடைக்காமல் அரசு மருத்துவ உதவி அட்டை, அதாவது ஏ.எம்.இ. மட்டும் வைத்திருப்பவருக்கும் பாதி விலை. இவர்களுக்கான சலுகையை 2016இல் நிறுத்தினார்கள். நிறுத்தியது செல்லாது என்று 2018இல் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்து உரிமையைத் திரும்பக் கொடுத்தது. தானாக எதுவும் அட்டையில் ஏறாது. ஏ.எம்.இ. அட்டையோடு விண்ணப்பிக்க வேண்டும், அது காலாவதியானால் புதுப்பித்து மறுபடியும் காட்ட வேண்டும்.

டிக்கெட் விலை பெரும்பாலும் ஜனவரியில் ஏறுகிறது. மேலே உள்ள எண்கள் 2025ஆம் ஆண்டுக்கானவை. கூட்டல் கழித்தல் செய்யும் முறை அதேதான்: முதலில் உங்கள் வழியில் எத்தனை முறை டிராமிலிருந்து ரயிலுக்கு மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள், அப்புறம் சம்பளப் பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.