வைஃபை கோடுகள் நிறைய, இணையம் மட்டும் ஏன் ஊர்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு அக்கா எழுதிக் கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வரிசை வீடு, மகனுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு, இரவு எட்டு மணிக்கு ஆன்லைன் டியூஷன். மடிக்கணினியில் வைஃபை கோடுகள் முழுதாகத்தான் தெரிகின்றன, ஆனால் வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆசிரியரின் முகம் அப்படியே நின்றுவிடுகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. 100 மெகாபிட் திட்டத்தை 300-க்கு மாற்றியும் பார்த்துவிட்டார்களாம், மாதக் கட்டணம் ஏறியதுதான் மிச்சம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "கேட்டில் மாட்டின வைஃபை கேமராவும் அடிக்கடி விட்டுப் போகுது, ஒருவேளை ரௌட்டரே சரியில்லையா?"

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ரௌட்டர் வரை இணையம் வருவது ஒரு பாதை, ரௌட்டரிலிருந்து மடிக்கணினிக்குக் காற்றில் போவது வேறு பாதை. திட்டத்தை 300-க்கு ஏற்றினால் முதல் பாதைதான் அகலமாகும். எந்தப் பாதையில் கோளாறு என்று பார்க்க, மடிக்கணினியை ஒரு லேன் கேபிளால் ரௌட்டரோடு நேரடியாக இணைத்து, அதே எட்டு மணிக்கு வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் வேகம் நன்றாக வந்தால் நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, பிரச்சினை வீட்டுக்குள் காற்றில் இருக்கிறது. இன்னொரு சோதனை, வைஃபையில் இருந்தபடியே ரௌட்டரின் முகவரிக்கே பிங் அனுப்புவது, அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. அது பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும், ரௌட்டரின் அடியில் ஒட்டிய தாளில் போட்டிருப்பார்கள். நல்ல வைஃபையில் சில மில்லிவினாடிகளில் பதில் வந்துவிடும். 3, 4, 250, 6, அப்புறம் பதிலே இல்லை என்று எண்கள் துள்ளினால் காற்றில்தான் கோளாறு.

அப்படியானால் அந்தக் கோடுகள்? ரௌட்டரின் சிக்னல் மடிக்கணினிக்கு எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதை மட்டுமே அவை காட்டும். அந்த அலைவரிசையில் இன்னும் எத்தனை கருவிகள் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டாது.

வைஃபையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் இருக்கிறது. அலைவரிசையைச் சேனல் என்ற துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரௌட்டர், மடிக்கணினி, மூன்று கைப்பேசி, டிவி, கேட் கேமரா எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே காற்று. போதாததற்கு, வரிசை வீட்டில் இடமும் வலமும் சுவர் பொதுச்சுவர், பக்கத்து வீட்டு ரௌட்டரும் அதே சேனலில் இருந்தால் அந்த வீட்டாரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். யார் எப்போது பேசுவது என்று சொல்ல அங்கே தலைவர் யாரும் கிடையாது. இத்தனை கம்பெனிகள் செய்த, ஒன்றையொன்று அறியாத கருவிகள் எப்படி முறை வைத்துக்கொள்கின்றன?

இதன் வேர் ஹவாயில் இருக்கிறது. அங்கே கடல் பிரித்த தீவுகளில் இருந்த பல்கலைக்கழக வளாகங்களை ஒரே கணினியோடு ரேடியோவில் இணைக்க நார்மன் ஆப்ராம்சனின் குழு 1971-இல் அலோஹாநெட் என்ற வலையமைப்பைத் தொடங்கியது. விதி மிக எளிமை: சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லிவிடு, கிடைத்தது என்று பதில் வரவில்லையா, குத்துமதிப்பாக ஒரு நேரம் காத்திருந்து மறுபடி சொல். வேலை செய்தது, ஆனால் ஆட்கள் கூடக் கூட மோதல் கூடியது. கணக்குப் போட்டால் இந்த முறையில் காற்றின் நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். அதனால் பின்னால் வந்தவர்கள் ஒரு நல்ல பழக்கத்தைச் சேர்த்தார்கள்: வாய் திறக்கும் முன் காது கொடு.

தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆண்டுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் தலைவர் வரவில்லை என்று வையுங்கள். எல்லோருக்கும் பேச வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து தொடங்கினால் யார் பேச்சும் விளங்காது. ஆகவே ஒவ்வொருவரும் மனசுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொண்டு, அமைதி வந்ததும் அதைக் கீழ்நோக்கி எண்ணத் தொடங்குகிறார்கள். முதலில் சுழியத்துக்கு வருபவர் பேசுவார். மற்றவர்கள் எண்ணுவதை அங்கேயே நிறுத்தி, அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

வைஃபை இதைத்தான் மைக்ரோவினாடிகளில் செய்கிறது. வினாடியைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மைக்ரோவினாடி. வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் காற்று 28 மைக்ரோவினாடி அமைதியாக இருந்தால் எண்ணிக்கை தொடங்கலாம். முதல் தடவை 0-லிருந்து 15-க்குள் ஏதோ ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் 9 மைக்ரோவினாடி. செய்தியைப் பெற்ற கருவி "கிடைத்தது" என்று சொல்ல 10 மைக்ரோவினாடி காத்திருந்தால் போதும். மற்ற எல்லோரும் குறைந்தது 28 காத்திருக்க வேண்டும் என்பதால் இந்த ரசீது யாருக்கும் முன்னால் புகுந்துவிடும். முன்னுரிமை கொடுக்க ஓர் அதிகாரியை வைக்காமல், காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தே காரியத்தை முடித்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

ரசீது எதற்கு? பேசும்போதே மோதலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதா? முடியாது. ரௌட்டர் 100 மில்லிவாட்டில் பேசுகிறது என்றால், வீட்டின் மறுகோடியிலிருந்து அதன் காதுக்கு வரும் சிக்னல் அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருக்கலாம். தன் குரலே காதை அடைத்துவிடும். அதனால் ரசீது வரவில்லை என்றால் மோதல் என்றே எடுத்துக்கொண்டு, 15-க்குப் பதில் 31-க்குள் ஓர் எண், மறுபடி தவறினால் 63, இப்படி இரட்டித்து இரட்டித்து 1023 வரை போகும். கூட்டம் அதிகம் என்று யாரும் அறிவிக்காமலே ஒவ்வொரு கருவியும் தானாகப் பின்வாங்குகிறது. இரவு எட்டு மணிக்குத் தாமானில் எல்லோரும் வீடு திரும்பி எல்லா டிவியும் ஓடும்போது பிங் எண்கள் துள்ளுவது இதனால்தான்.

சரி, கேட் கேமராவுக்கு வருவோம். மேலே சொன்ன ஏற்பாட்டில் பேசும் வாய்ப்பு எல்லோருக்கும் சமம். ஆனால் ஒரு வாய்ப்பில் எவ்வளவு நேரம் பேசுவது என்பது சமமில்லை. சிக்னல் பலமாக இருந்தால் கருவி வேகமாகப் பேசும், பலவீனமானால் வார்த்தை வார்த்தையாக நிறுத்திப் பேச வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. 1500 பைட் கொண்ட ஒரு பேக்கெட்டை, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி 72 மெகாபிட் வேகத்தில் அதை 170 மைக்ரோவினாடிக்குள் அனுப்பிவிடும். கேட்டில், இரண்டு செங்கல் சுவருக்கும் ஓர் இரும்புக் கதவுக்கும் அப்பால் இருக்கும் கேமரா 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் அதே பேக்கெட்டுக்கு 12,000 மைக்ரோவினாடி. கூட்டத்தில் இழுத்து இழுத்துப் பேசும் தாத்தாவுக்கும் எல்லோரையும் போல ஒரு முறைதான் கிடைக்கிறது, ஆனால் மாலைப் பொழுது அவரோடு முடிந்துவிடுகிறது. இருவரும் மாறி மாறி ஒவ்வொரு பேக்கெட் அனுப்பினால், மடிக்கணினிக்குக் கிடைப்பது வினாடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு. வேகமான கருவி மெதுவான கருவியின் அளவுக்கே இறங்கிவிடுகிறது. இதை 2003-இல் பிரான்சில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் கணக்கோடு காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த வைஃபை தலைமுறைகள் பல பேக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி அனுப்பி இந்தப் பாதிப்பைக் குறைத்திருக்கின்றன. நேரத்தைச் சமமாகப் பங்கிடும் வசதியும் சில ரௌட்டர்களில் உண்டு. ஆனால் ரௌட்டர் தான் அனுப்புவதைத்தான் அப்படி ஒழுங்குபடுத்த முடியும். கேமராவோ இருபத்து நான்கு மணி நேரமும் படத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவி, அதன் வாயை ரௌட்டரால் எளிதில் கட்ட முடியாது.

ஆகவே அக்கா, உங்கள் ரௌட்டர் கெட்டுப்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் எட்டு மணி வகுப்புக்குக் கேமராவின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். வகுப்பு தடையில்லாமல் ஓடினால் கேமராவுக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் வாசல் பக்கம் இன்னொரு ஆக்செஸ் பாயிண்டை (வைஃபை பரப்பும் பெட்டியை) வைத்து அதைக் கேபிளால் ரௌட்டரோடு இணையுங்கள். மடிக்கணினியை வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி, ஆனால் அந்தக் குறையே வரிசை வீட்டில் நமக்கு நல்லது, பக்கத்து வீட்டுப் பேச்சு அவ்வளவாக உள்ளே வராது.

2.4-லேயே இருக்க வேண்டிய கருவிகளுக்குச் சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள். 3 காலியாக இருக்கிறதே என்று அங்கே போய் உட்காருபவர்கள் நிறையப் பேர். சேனல்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு வைஃபை சிக்னலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதனால் 3-இல் இருப்பவர் 1-க்கும் 6-க்கும் சேர்த்து இடைஞ்சல் செய்கிறார். ஒரே சேனலில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு மெல்லக் கேட்டாலே மரியாதையாகக் காத்திருக்கும். வேறு சேனலிலிருந்து வழிவது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும், அது நூறு மடங்கு பலமாக இருந்தால்தான் காற்று நிரம்பியிருக்கிறது என்று கருவி ஒத்துக்கொள்ளும். அதுவரை மேலே ஏறிப் பேசிக்கொண்டே இருக்கும்.

மடிக்கணினியிலேயே பார்க்க வேண்டிய சில விஷயங்களும் உண்டு. மின்சேமிப்பு அமைப்பில் வைஃபை அட்டையைத் தூங்கவிடும் தேர்வை எடுத்துவிடுங்கள். அந்த அட்டையை இயக்கும் மென்பொருளான வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள். யுஎஸ்பி 3 வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள், அதன் கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது, இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. அப்புறம், சமீபத்தில் கடையில் கொடுத்துத் திரையோ ரேமோ மாற்றினீர்களா? பெரும்பாலான மடிக்கணினிகளில் ஆன்டெனா திரையின் விளிம்பில் ஒளிந்திருக்கும். அங்கிருந்து நூல் போன்ற இரண்டு கம்பிகள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, கீல் வழியாக இறங்கி வைஃபை அட்டைக்கு வரும். முனையில் மிளகைவிடச் சிறிய பொன்னிற வட்டப் பொத்தான், நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். அது சரியாக உட்காராமல் மூடிவிட்டால் ரௌட்டர் பக்கத்தில் இருக்கும்போது ஓரளவு எடுக்கும், அடுத்த அறைக்குப் போனதும் செத்துவிடும்.

ரௌட்டரை அலமாரிக்குள் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பின்னால் வைப்பதும், "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர் ஒட்டுவதும் எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் பழக்கங்கள். வைஃபை அலைக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி கிடையாது. ஆனால் அதிலிருந்து காப்பாற்றுவதாக விற்ற பதக்கங்களிலும் வளையல்களிலும் நிஜமான கதிரியக்கப் பொருள் இருந்ததை 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் கண்டுபிடித்து எச்சரித்தது. பயத்தை விற்பவர்களிடம் காசு கொடுத்து ஆபத்தை வாங்கியிருக்கிறார்கள் மக்கள். அதில் குழந்தைகளும் உண்டு என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வைஃபை அலை சுவரில் பட்டுத் தெறித்து முன்னும் பின்னுமாக வந்து குழம்பும் எதிரொலிகளைச் சமாளிக்கும் வழியை 1990-களில் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் குழு கண்டுபிடித்தது. அந்தக் காப்புரிமை 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டியது. குழுவைச் சேர்ந்த ஜான் ஒ'சல்லிவன் 1970-களில் வெடிக்கும் சிறு கருந்துளைகளின் ரேடியோத் துடிப்பைத் தேடியவர். அது கிடைக்கவில்லை, ஆனால் அந்தத் தேடலில் பழகிய கணிதம் இங்கே கைகொடுத்தது. நம் நாட்டிலும் 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் மர வகை தாய்லாந்து வரை பரவியது. "இந்த ஆராய்ச்சியால் உடனடியாக என்ன லாபம்?" என்று மானியத்தை வெட்டுபவர்கள் தோட்டத்து மக்களிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

மழை பெய்தால் வைஃபை மெதுவாகிறது என்றும் அக்கா எழுதியிருந்தார். கூரைமேல் இருக்கும் சாட்டிலைட் தட்டு மழையில் படத்தை இழக்கும், அதன் அலை 12 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம், மழைத்துளி அதை நன்றாக விழுங்கும். வீட்டுக்குள் சில மீட்டர் போகும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு வெளியே கொட்டும் மழை ஒரு பொருட்டே இல்லை. மழையன்று எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், எல்லாக் கருவியும் ஓடுகிறது, அவ்வளவுதான்.

கேமராவைப் பிடுங்கியும், கேபிளில் சோதித்தும் எட்டு மணிக்கு வேகம் விழுந்தால் மட்டும் கோளாறு வெளியே இருக்கிறது. ஒரு வாரத்துக்குத் தேதி, மணி, கேபிளில் வந்த வேகம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்து நிறுவனத்திடம் கொடுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் அதே தாளோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். "ரொம்ப மெதுவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்லித்தான் பதில் வரும்.