கலாய்க்கிறவன் காதுக்கு மட்டும் கேட்கிற பாட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பள்ளிக்கூட நாளிலிருந்தே நாங்கள் அஞ்சு பேர் ஒரு செட்டு. முடி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பேரே 'சொட்டை'தான். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன், ஆனால் வீட்டுக்கு வந்தால் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்குத்தான் ரோஷம் ஜாஸ்தியா சார்?"

ரோஷமெல்லாம் அளவாகத்தான் இருக்கிறது. நம் சுயமதிப்பு என்பது வண்டியில் இருக்கிற பெட்ரோல் முள் மாதிரி, நாலு பேர் நம்மை எவ்வளவு சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் அது அளக்கிறது என்று மார்க் லியரி என்ற உளவியலாளர் 1995-ல் சொன்னார். முள் இறங்கினால் வலிக்கும். கலாய்ப்பதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே வார்த்தை முள்ளை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். 'நீ நம்ம ஆளு, அதனாலதான் உன்னை ஓட்டுறோம்' என்பது ஏற்றம். இதை ராட்கிளிஃப்-பிரௌன் என்ற மானிடவியலாளர் 1940-லேயே 'கேலி உறவு' என்று எழுதிவிட்டார்: இன்னார் இன்னாரைக் கேலி செய்யலாம், கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நமக்கு இது புதுசா என்ன, மாமன் மச்சான் முறையே அதுதானே. சொந்தமே இல்லாத சிநேகிதனை 'மச்சான்' என்று கூப்பிடுவதே அந்த லைசென்ஸை இரவல் வாங்கத்தான் என்பது என் கணிப்பு.

சரி, அப்புறம் எங்கே பிசகுகிறது? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சோதனை. 1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மட்டும் மேஜையில் விரலால் தட்டச் சொன்னார், எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டினவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது வெறும் 3. டீக்கடை பெஞ்சில் நீங்களே செய்து பாருங்கள், எதிரே இருப்பவன் முழிப்பதைப் பார்த்தால் 'இதுகூடத் தெரியலையாடா' என்று எரிச்சல் வரும், ஏனென்றால் உங்கள் மண்டைக்குள் மெட்டு, வரி, வயலின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் காதில் விழுவதோ டொக் டொக்.

கலாய்ப்பதும் இதேதான். 'சொட்டை' என்கிறவன் மனசில் இருபது வருஷப் பாசம் பின்னணி இசையாக ஓடுகிறது. கேட்பவருக்கு வந்து சேர்வது 'சொட்டை' மட்டும். ஜஸ்டின் குரூகரும் சகாக்களும் 2006-ல் காட்டியது இதைத்தான்: கிண்டல் செய்தவர், தன் நல்லெண்ணம் தனக்குத் தெரியும் என்பதால், அதை லேசாக நினைக்கிறார், வாங்கினவர் அப்படி நினைப்பதில்லை. நேரிலாவது கண்சிமிட்டல், இழுத்துப் பேசும் குரல் என்று கொஞ்சம் மெட்டு கசியும். வாட்ஸப்பில் அதுவும் போச்சு. அதே குரூகரின் 2005 ஆய்வில், மின்னஞ்சலில் நக்கலா நிஜமா என்பதை 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பினவர்கள் நம்பினார்கள், நடந்தது 56, கிட்டத்தட்ட காசு சுண்டுகிற கணக்கு. (இதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. திருப்பாப்புலியூர் டீக்கடையில் செய்ய யார் நிதி தருகிறார்கள்?)

ஆண்கள் கூட்டத்தில் இன்னொரு சிக்கல், வாங்கினவரும் சிரித்துவிடுகிறார். 'வலிக்குதுடா' என்றால் அதற்கும் சேர்த்து ஓட்டுவார்கள். ஆக, தட்டினவன் தன் பாட்டு போய்ச் சேர்ந்ததாகவே நினைத்து இன்னும் பலமாகத் தட்டுகிறான்.

இந்தியாவில் 2022-ல் தற்கொலை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஆண்கள். கிண்டல்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் வாய்விட்டுச் சொல்லாத பழக்கம் சின்ன விஷயமில்லை. ஆள் சோர்ந்து கிடந்தால் காற்றுக் கருப்பு என்று தாயத்துக்குக் காசைக் கொட்டுகிறோம், அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டுப் பேசக் காசே வேண்டாம்.

வாசகருக்கு ஒன்று. நாலு பேர் நடுவில் சொல்லாதீர்கள், அங்கே அவனவன் மற்ற மூன்று பேருக்காகத்தான் பதில் சொல்வான். ஒருத்தரை மட்டும் தனியாகக் கூட்டிப் போய்ச் சொல்லுங்கள். என் சிநேகிதன் ஒருத்தன் என்னை சில்வர் பீச்சுக்கு வண்டியில் கூட்டிப் போய், நான் பதினோரு வருஷமாக அவனைக் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சொல்லி, "அது மட்டும் வேணாம்டா" என்றான். "சும்மா விளையாட்டுக்குத்தானேடா" என்றேன். "தெரியும்டா, இருந்தாலும் வேணாம்" என்றான். அப்புறம் சுண்டல் வாங்கினோம், காசு அவன்தான் கொடுத்தான்.