உல்லாசக் கப்பல் ஏன் மெதுவாக ஆட வேண்டும்?

துறைமுகம் எதிலும் நிற்காமல், காலை முதல் இரவு வரை நடுக்கடலிலேயே கழியும் நாள்தான் உல்லாசக் கப்பல் பயணத்தின் சிறந்த நாள் என்று பலர் கருதுகிறார்கள். இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரத்துக்குத் திரும்ப வேண்டிய அவசரம் அன்றைக்கு இல்லை என்பதால், கணவனும் மனைவியும் மேல்தளத்துச் சாய்வு நாற்காலிகளில் ஆளுக்கொரு புத்தகத்துடன் அரைநாளைப் போக்கிவிட முடிகிறது. அருகிலுள்ள தேநீர்க் கோப்பை தளும்புவதில்லை. கீழே இரண்டு மீட்டர் உயர அலைகள் ஓடிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் தளும்பாது.

முதல் காரணம் கப்பலின் நீளம். ஆழ்கடலில் ஓர் அலைமுகடு கடந்த பின் அடுத்த முகடு வந்து சேர எத்தனை வினாடிகள் ஆகின்றனவோ, அந்த எண்ணின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் இரு முகடுகளுக்கும் இடையிலான தூரம் மீட்டரில் கிடைக்கும். 8 வினாடி அலைக்கு இது சுமார் 100 மீட்டர். 2024 இல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நீளம் 365 மீட்டர். அத்தகைய கப்பல் ஒரே நேரத்தில் மூன்று நான்கு முகடுகளின் மீது படுத்துக்கிடப்பதால், ஒரு முகடு தூக்க முயலும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளம் அதைத் தாழ்த்துகிறது. தொலைவில் வீசிய புயலிலிருந்து 14 வினாடி இடைவெளியில் நீண்ட அலைகள் வரும்போது முகடுகளின் தூரம் 300 மீட்டராகிவிடும். அப்போது பெரிய கப்பலும் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கத்தான் செய்யும்.

பக்கவாட்டு ஆட்டத்தின் கதை வேறு. நீருக்கு மேலே பல மாடிக் கட்டடம் போல உயர்ந்து நிற்கும் இக்கப்பல்கள் நீருக்குள் ஏறத்தாழ 9 மீட்டர் மட்டுமே அமிழ்ந்திருப்பதைப் பார்ப்பவர்கள், இது கவிழாமல் எப்படி நிற்கிறது என்று வியப்பது இயல்பு. எஞ்சின்கள், எரிபொருள், நீர்த் தொட்டிகள் எனக் கனமானவை அனைத்தும் அடியில் இருக்கின்றன. மேலே இருப்பவை பெரும்பாலும் மெல்லிய தகடுகளால் சூழப்பட்ட வெற்றிடங்களே. கப்பல் சாயும்போது நீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறி, மிதப்பு விசை செயல்படும் மையம் சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. அந்த மையத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும் கோடு கப்பலின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746 இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். இப்புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கும்வரை, சாய்ந்த கப்பல் தானாகவே நிமிரும்.

அப்படியானால் இரண்டுக்கும் இடையிலான உயரத்தை முடிந்தவரை கூட்டிவிடலாமே என்று தோன்றும். கப்பல் வடிவமைப்பின் சுவையான முரண் இங்கேதான் இருக்கிறது. உயரம் கூடினால் நிமிர்த்தும் விசை வலுவாகிறது; கப்பல் வெடுக்கென்று நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மீண்டும் வெடுக்கென்று திரும்புகிறது. 40 மீட்டர் அகலமுள்ள கப்பலில் இந்த உயரம் 2.5 மீட்டர் என்றால், ஒரு முழு ஆட்டத்துக்குத் தோராயமாக 20 வினாடிகள் ஆகும். 10 மீட்டர் என்றால் 10 வினாடிகளே. சாயும் கோணம் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டாவது கப்பலில் உடலை உலுக்கும் முடுக்கம் நான்கு மடங்கு. ஆகவே பாதுகாப்புக்குப் போதுமான அளவு நிலைத்தன்மையைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் அளவின்றிக் கூட்டாமல் வடிவமைப்பாளர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள்.

உட்காதில் தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழல்களும், நேர்கோட்டு அசைவை உணரும் நுண்கற்களும் தரும் செய்தி, கண் தரும் செய்தியோடு முரண்படும்போது குமட்டல் எழுகிறது. சுமார் 5 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவே மிக மோசமானது என்பதும், அதைவிட மெதுவானது அந்த அளவுக்குத் தொல்லை தராது என்பதும் சோதனைகளில் தெரிந்தவை. புத்தகத்தில் மூழ்கியிருப்பவரைவிட, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் துணைக்குக் குமட்டல் வரும் வாய்ப்பு குறைவு. அவருடைய கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

மெதுவான ஆட்டத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கேற்பத் தள்ளினால் வீச்சு பெருகுவதைப் போல, பக்கவாட்டு அலைகளின் தாளம் கப்பலின் இயல்பான தாளத்தோடு பொருந்திவிட்டால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதைத் தணிக்க மனிதர்கள் செய்த முயற்சிகள் பல. எஃகு உற்பத்தியில் பெயர்பெற்ற ஹென்றி பெசமர், குமட்டலால் தாம் பட்ட அவதியால், ஊசலாடும் கூடம் கொண்ட கப்பல் ஒன்றையே கட்டினார். அது 1875 இல் பிரான்ஸின் கலே துறைமுகத்தின் மேடையில் மோதியதோடு திட்டம் முடிந்தது. 1932 இல் பயணம் தொடங்கிய இத்தாலியின் ‘கோன்தே தி சவோயா’ கப்பலில், ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள மூன்று கைரோஸ்கோப்புகள் சுழன்றன.

இறுதியில் வென்றவை ஸ்டெபிலைசர் துடுப்புகள். ஜப்பானில் 1920களில் மோட்டோரா என்ற கப்பல் பொறியாளர் இவற்றைச் சோதித்தார். ஆட்டத்துக்குப் பேர்போன ‘குவீன் மேரி’ கப்பலுக்கு 1958 இல் பொருத்தப்பட்டன. நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் இருபுறமும் சில மீட்டர் நீளத்துக்கு நீளும் இவை உண்மையில் சிறு இறக்கைகள். கப்பல் சாயத் தொடங்கியதை உணர்கருவி அறிந்ததும், சாயும் பக்கத்துத் துடுப்பு நீரை மேல்நோக்கி உந்தும் கோணத்துக்கும், மறுபக்கத் துடுப்பு அதற்கு எதிரான கோணத்துக்கும் திரும்புகின்றன என்று சிலர் எழுதுவதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. சாயும் பக்கத்தில் துடுப்பு நீரைக் கீழ்நோக்கித் தள்ளுவதால்தான் அந்தப் பக்கம் மேலே தூக்கப்படுகிறது. இந்தத் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கப்பல் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்திலிருந்து 10 நாட்டுக்கு இறங்கினால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குச் சாதாரணத் துடுப்புகளால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. துறைமுகத்தை நெருங்கும்போது அவை உடற்பகுதிக்குள் மடங்கிக்கொள்கின்றன.

முன்பின் ஆட்டத்துக்கு இத்துடுப்புகள் உதவுவதில்லை. அவ்வளவு நீளமான உடலை அந்தத் திசையில் அடக்க அவற்றின் விசை போதாது. வேகத்தைக் குறைப்பதும், அலைகளை வேறு கோணத்தில் சந்திக்குமாறு திசையை மாற்றுவதுமே கேப்டனுக்கு உள்ள வழிகள். கப்பல் ஒரே ஒரு டிகிரி முன்பக்கமாகச் சாய்ந்தால், நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி முகப்பில் உள்ள அறை 2.6 மீட்டர் இறங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு டிகிரி சாய்ந்தாலோ, நடுக்கோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளியுள்ள பால்கனி 35 சென்டிமீட்டர்தான் இறங்கும். குமட்டலுக்கு அஞ்சும் தம்பதியர் அறை பதிவு செய்யும்போது, உயரத்துக்கும் காட்சிக்கும் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியாகவும் கீழ்த்தளமாகவும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே மேல்.