முடி சிவப்பாக இருந்தால் ஊர் ஏன் உற்றுப் பார்க்கிறது?

எடின்பரோவில் என்னோடு வேலை பார்த்த தோழிக்கு முடி நல்ல செம்பு நிறம், புதுச் செம்புக் குடத்தை வெயிலில் வைத்ததுபோல. ஒருநாள் மதியம் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பின்னால் நின்ற ஒரு அம்மா, ஒரு வார்த்தை கேட்காமல், தோழியின் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கி, "நிஜ முடியா இது?" என்றார். தோழி திரும்பக்கூட இல்லை. பின்னலை மெல்ல உருவிக் கோட்டுக் காலருக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கை அவ்வளவு பழகியிருந்தது. எத்தனை தடவை இப்படி நடந்திருந்தால் கை யோசிக்காமலே அதைச் செய்யும் என்று அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் கேட்டபோது நிறையச் சொன்னார். பள்ளியில் 'ஜிஞ்சர்', அதாவது இஞ்சி, என்பதுதான் அவர் பெயர். கேரட் என்றும் கூப்பிடுவார்களாம். தெருவில் போகும் காரிலிருந்து தலையை நீட்டிக் கத்துவார்கள். வளர்ந்த பிறகு கேலி குறைந்து வேறொன்று வந்தது: உடம்பில் மற்ற இடத்து முடியும் இதே நிறமா என்று மதுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஆண்கள் சிரித்துக்கொண்டே கேட்பது. அவர் தம்பிக்கும் அதே முடி. அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை, ஆனால் அடி வாங்கியிருக்கிறான்.

சரி, இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? முடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. கறுப்பு, பழுப்பு நிறம் தருவது யூமெலனின். மஞ்சள் கலந்த சிவப்பைத் தருவது ஃபியோமெலனின். முடி வேரில் இருக்கும் நிறமிச் செல்கள் இரண்டையும் செய்யக்கூடியவை. எதைச் செய்வது என்று முடிவு செய்வதில் பெரிய பங்கு, அந்தச் செல்லின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் எம்சி1ஆர் என்ற ஏற்பிப் புரதத்துக்கு. ஹார்மோன் வந்து அதைத் தட்டினால் செல்லுக்குள் சமிக்ஞை ஓடி, யூமெலனின் தயாரிப்பு சூடு பிடிக்கும். இந்த ஏற்பி மந்தமாக இருந்தால் சமிக்ஞை போதாமல், செல் ஃபியோமெலனினிலேயே நின்றுவிடும். அவ்வளவுதான். இந்த ஏற்பியைச் செய்யும் மரபணு நம் 16ஆவது குரோமோசோமில் இருக்கிறது, அதில் ஓரிரு எழுத்து மாறினால் போதும். செம்முடிக்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 1995இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

(நம் ஊரில் செம்பட்டை என்று சொல்வது வேறு விஷயம். அது பெரும்பாலும் வெயிலிலும் எண்ணெய் படாமலும் வெளிறிப்போன கறுப்பு முடி. குழந்தைகளுக்குப் புரதச் சத்துக் குறைந்து குவாஷியோர்கர் வந்தாலும் முடி அப்படி வெளிறும். இங்கே பேசுவது பிறப்பிலேயே வரும் நிறத்தைப் பற்றி.)

அந்த மரபணுவின் மந்தமான பிரதி அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் செம்முடி வரும். அம்மா அப்பா இருவரிடமும் ஒவ்வொரு பிரதி ஒளிந்திருந்தால், இருவர் முடியும் பழுப்பாகவே இருக்கலாம், பிறக்கும் குழந்தைக்கு மட்டும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டும் சேர்ந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாத ஊர் என்ன பேசும்? பால்காரரைக் காட்டிப் பேசும். பழுப்பு முடித் தம்பதிக்குச் செம்முடிக் குழந்தை பிறந்தால் பால்காரர் வேடிக்கைப் பேச்சு பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக உண்டு, அந்த வேடிக்கையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியவர் பெற்ற தாய். கதை இன்னும் சிக்கலானது என்று 2018இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. சுமார் மூன்றரை லட்சம் பேரின் மரபணுத் தகவலைப் பார்த்ததில், மந்தமான பிரதி இரண்டு இருந்தும் பெரும்பாலானோருக்குச் செம்முடி இல்லை. வேறு எட்டு மரபணுக்களுக்கும் இதில் கை இருப்பது தெரிய வந்தது.

உலகத்தில் செம்முடிக்காரர்கள் நூற்றுக்கு ஒருவர் இருவர் என்றுதான் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும்தான் அதிகம், அங்கேயும் சிறுபான்மைதான். எனக்கு இந்த முழுக் கதையிலும் முக்கியமாகப் படுவது இந்த எண்ணிக்கைதான். நிறத்தில் ஒன்றும் இல்லை. அபூர்வமாக இருப்பதுதான் மனித மனதை இழுத்து, ஒரு தப்புக் கணக்குப் போட வைக்கிறது. அந்தத் தப்புக் கணக்கை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

1976. டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். மாணவர்களுக்கு 39 வாக்கியங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், அவர் 'ஏ' குழுவா 'பி' குழுவா என்ற குறிப்பு, அவர் செய்த ஒரு காரியம். அந்தக் காரியம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். 'ஏ' குழு பெரியது: 26 வாக்கியம், அதில் 18 நல்லது, 8 கெட்டது. 'பி' குழு சிறியது: 13 வாக்கியம், 9 நல்லது, 4 கெட்டது. ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு குழுவிலும் விகிதம் ஒன்றேதான், 9க்கு 4. ஒரு குழு மற்றதைவிட ஒரு இம்மிகூட மோசம் இல்லை. குழுக்களுக்குப் பெயர் இல்லை, நிறம் இல்லை, மதம் இல்லை, வெறும் எழுத்துதான். ஆனால் முடிவில் மாணவர்களைக் கேட்டபோது, கெட்ட காரியங்களில் தேவைக்கு மேல் பங்கைத் தூக்கிச் சிறிய குழுவின் தலையில் வைத்தார்கள். அந்தக் குழுவைப் பற்றிய அபிப்பிராயமும் கீழே இறங்கியிருந்தது.

ஏன் இப்படி? அவர்கள் சொன்ன விளக்கம் இது. சிறிய குழு கண்ணில் படுவது அபூர்வம். கெட்ட காரியமும் நல்லதைவிட அபூர்வம். இரண்டு அபூர்வமும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் அது மனதில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். பிறகு யோசிக்கும்போது எது சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறதோ அது அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். வேறு ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சிறிய குழுவைப் பற்றிக் கிடைக்கும் தகவலே கொஞ்சம் என்பதால் அங்கே நல்லது அதிகம் என்பது மனதில் சரியாகப் பதிவதில்லை, அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்கிறார்கள். விளக்கம் எதுவானாலும் விளைவு திரும்பத் திரும்ப வேறு சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது.

இப்போது செம்முடிக்காரர்களுக்கு முன்கோபம் அதிகம் என்ற பழைய பேச்சை இதோடு சேர்த்துப் பாருங்கள். வகுப்பில் 30 பேர், அதில் ஒருத்தி செம்முடி. வாரத்தில் பத்துப் பேர் கோபப்பட்டுக் கத்துகிறார்கள். பழுப்பு முடிக்காரன் கத்தினால் அவன் பெயர்தான் நினைவில் நிற்கும், சில நாளில் அதுவும் போகும். இவள் கத்தினால் முடி நினைவில் நிற்கும். "பார்த்தியா, செம்முடிக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது" என்று யாராவது சொல்வார்கள். அவள் அமைதியாக இருந்த மற்ற நாட்களை யாரும் எண்ணவில்லை. அதோடு, அந்தப் பேச்சைத் தினமும் கேட்டுக் கேட்டு, பின்னலைப் பிடித்து இழுக்கும் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கோபம் வந்தால், அதுவும் முடியின் கணக்கில்தான் ஏறும்.

படித்தவர்களுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களிடையே செம்முடி நோயாளிகளுக்கு ரத்தம் அதிகம் போகும் என்று ஒரு நம்பிக்கை வெகுநாளாக உண்டு. 2006இல் வெளியான ஒரு ஆய்வில் செம்முடிப் பெண்களின் ரத்தத்தையும் கறுமுடிப் பெண்களின் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். எளிதில் கன்றிப்போகிறது என்று செம்முடிப் பெண்கள் சற்று அதிகமாகச் சொன்னார்கள், ஆனால் ரத்தம் உறையும் சோதனைகளில் வித்தியாசம் எதுவும் இல்லை. மேஜையில் படுத்திருக்கும் நூறு பேரில் ஒரு செம்முடிக்காரருக்கு ரத்தம் அதிகம் போனால் அந்த ஒரு நாள்தான் மருத்துவர் ஞாபகத்தில் நிற்கும். 39 வாக்கியத்தில் நடந்த அதே கூத்து.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லாப் பேச்சும் பொய் இல்லை. 2004இல் அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழகத்தில் பத்துச் செம்முடிப் பெண்களுக்கும் பத்துக் கறுமுடிப் பெண்களுக்கும் மயக்க வாயு கொடுத்து அளந்தபோது, செம்முடிப் பெண்களுக்கு 19 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டது. பிறகு பல மடங்கு பெரிய ஆய்வுகள் வந்தன. அவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. தோலின் கீழே போடும் லிடோகைன் மரப்பு ஊசி அவர்களுக்குக் குறைவாகவே வேலை செய்தது என்று 2005இல் ஒரு ஆய்வு சொன்னது. எம்சி1ஆர் மாறுபாடு உள்ளவர்கள் பல் மருத்துவரிடம் போவதைத் தவிர்ப்பது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2009இல் இன்னொன்று. எங்கள் தோழியும் அப்படித்தான்: சின்ன வயதில் ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்று அழுதபோது, இந்தத் தலைக்காரர்கள் எல்லாம் நாடகம் ஆடுவார்கள் என்று நாற்காலி பக்கத்தில் நின்றவர் சொன்னாராம். வலியை நம்ப மறுக்க அங்கே ஒரு கதை தயாராக இருந்தது. வெயில் விஷயத்தில் சந்தேகமே இல்லை: ஃபியோமெலனின் புற ஊதாக் கதிரை யூமெலனின்போலத் தடுப்பதில்லை, அதனால் தோல் சீக்கிரம் எரியும், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு ஆபத்து அதிகம். அக்கறையாகக் கவனிக்க வேண்டியது இது. கேலி செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம் பட்டப் பெயர். டெக்சாஸில் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளர் 1990களில் கோடைப் பள்ளிக் குழந்தைகளுக்கு நீலச் சட்டை, மஞ்சள் சட்டை கொடுத்துப் பார்த்தார். ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்புகளில் குழந்தைகளும் கண்டுகொள்ளவில்லை. நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டு, நிறப்படி வரிசையில் நிறுத்திய வகுப்புகளில் தங்கள் நிறமே உசத்தி என்ற எண்ணம் சில வாரத்தில் வந்துவிட்டது. யாரும் எந்த நிறத்தையும் திட்டவில்லை, பெயர் சொல்லிப் பிரித்ததே போதுமாக இருந்தது. 'ஜிஞ்சர்' என்று ஒரு சொல் ஊர் வாயில் தயாராக இருப்பது அந்த ஆசிரியர் செய்த வேலையைத் தினமும் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் 'ராங்கா' என்கிறார்கள், ஒராங்குட்டான் குரங்கின் பெயரை வெட்டி எடுத்தது.

ஐரோப்பாவில் இதற்குப் பழைய வேரும் உண்டு. இடைக்கால ஓவியர்கள் ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குச் செம்முடி வரைந்தார்கள், பல பேர். வேதாகமத்தில் அவன் முடி நிறம் பற்றி ஒரு வரியும் கிடையாது. இங்கிலாந்துக்காரர்கள் அயர்லாந்துக்காரர்களை வெகுகாலம் கீழாகப் பார்த்ததும் இதில் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நம் காலத்தில் இது உயிரோடிருக்கக் காரணம், தண்டனை இல்லாமல் கேலி செய்ய மிச்சமிருக்கும் ஒரு இடம் இது என்பதே. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இனம், மதம், ஊனம் என்று ஒன்பது அடிப்படைகளைப் பாதுகாக்கிறது. முடி நிறம் அதில் தனியாக இல்லை. அதே 2010இல் தொழிற்கட்சியின் மூத்த தலைவர் ஹாரியட் ஹார்மன், அமைச்சர் டேனி அலெக்சாண்டரைக் கட்சி மாநாட்டு மேடையில் 'செம்முடிக் கொறிவிலங்கு' என்ற பொருள்பட அழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். சமத்துவச் சட்டத்துக்காக உழைத்தவர் வாயிலிருந்தே வந்தது அது. 2008 நவம்பரில் கனடாவில் 'செம்முடிக்காரர்களை உதைக்கும் நாள்' என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு கிளம்ப, விளையாட்டு என்று தொடங்கியதில் பல பள்ளிகளில் பிள்ளைகள் நிஜமாகவே உதை வாங்கினார்கள். 2011இல் டென்மார்க்கின் பெரிய விந்து வங்கி ஒன்று, கேட்பவர் குறைவு என்று செம்முடிக்காரர்களிடம் தானம் வாங்குவதை நிறுத்தியது.

நெதர்லாந்தில் 2005இல் பார்ட் ரூவன்ஹார்ஸ்ட் என்ற ஓவியர் படம் வரையச் செம்முடிப் பெண்கள் 15 பேர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். 150 பேர் வந்துவிட்டார்கள். அத்தனை பேரையும் ஒன்றாகப் பார்த்ததில் பிறந்தது ஆண்டுதோறும் நடக்கும் செம்முடிக்காரர் திருவிழா. பிரெடா நகரத்தில் வளர்ந்து இப்போது டில்பர்கில் நடக்கிறது. 2013இல் பிரெடாவில் 1,672 பேர் ஒரே இடத்தில் நின்று கின்னஸ் சாதனை வைத்தார்கள்.

எங்கள் தோழி தங்கையோடு ஒரு வருஷம் போனார். முதல் நாளே கூட்டத்தில் தங்கையைத் தொலைத்துவிட்டாராம். பக்கத்தில் நின்றவரிடம் ஓடிப்போய், "என் தங்கையைப் பார்த்தீர்களா, அவளுக்கு..." என்று வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷமும் அவர்களைத் தேட அந்த ஒரு அடையாளம் போதுமானதாக இருந்தது. வேறு என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவள் நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் உள்பக்கமாக வைப்பாள், பச்சைக் கோட்டு, பேசும்போது கையை ஆட்டுவாள் என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது தோழியின் பின்னல் கோட்டுக்கு வெளியேதான் கிடந்தது.