கலப்புமுறைப் பாடம்: பெயரும் பொருளும்

வகுப்பறையையும் இணையத்தையும் சேர்த்து நடத்தும் பாடம், மொரிசியசில் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 'பிளென்டட்' என்று இருக்கும்; பிரெஞ்சில் பேசும்போது அதை 'இப்ரிட்' என்பார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் கலப்பு, கலவை, இணைப்பு என்று ஆளுக்கொரு சொல். எந்தச் சொல்லை எடுப்பது என்பதைவிட, எதைக் கலக்கிறோம் என்பதில்தான் குழப்பம் அதிகம்.

'பிளென்ட்' என்ற ஆங்கில வினை, பழைய நார்ஸ் மொழியின் 'பிளாண்டா'வோடு உறவுடையது. பொருள், கலத்தல். தேயிலைக்கும் புகையிலைக்கும் வழங்கிய இந்தச் சொல், 1990களின் இறுதியில் நிறுவனப் பணியாளர் பயிற்சியில் கல்விச் சொல்லாகி, அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது. பாட உள்ளடக்கத்தில் 30 முதல் 79 விழுக்காடு இணையத்தில் நடந்தால் அது பிளென்டட் என்று அமெரிக்காவின் இணையக் கல்வி அமைப்பான ஸ்லோன் கூட்டமைப்பு வரையறுத்தது. 'இப்ரிட்' இலத்தீனிலிருந்து வந்தது. வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு அங்கே அந்தப் பெயர். கல்லூரிப் பேராசிரியர்கள் இதை அறியாமலிருப்பதே நல்லது.

தமிழில் இந்தப் பொருளுக்குப் பழைய வினைகள் உண்டு: கல, மயங்கு, விரவு. நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஐந்தும் 'கலந்த மயக்கம்' உலகம் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். இன்று மயக்கம் என்றால் தலைசுற்றல். அதனால் அது ஆகாது. விரவு, இலக்கண வகுப்புக்கு வெளியே வழக்கில் இல்லை. கலவை என்றதும் சிமெண்டும் மணலும் நினைவுக்கு வரும். 'இணைவழி' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் எழுத்து கூடினால் 'இணையவழி' ஆகிவிடும், அச்சுப்பிழைக்கு அழைப்பு வைத்தது போல. எஞ்சுவது கலப்பு. கலப்படத்தின் வாடை கொஞ்சம் அடித்தாலும், 'கலப்புமுறைப் பாடம்' என்று முறையைச் சேர்த்துச் சொன்னால் அது போய்விடும். எங்கள் பரிந்துரை அதுவே.

ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மற்றது நொண்ட வேண்டும். அப்போதுதான் அது கலப்பு. வாழையிலையில் ஏழு கறியைப் பரிமாறுவது போல வகுப்பை ஒரு பக்கமும் இணையத்தை மறுபக்கமும் வைத்தால், இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். பழைய 45 மணி நேர வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே இணையப் பயிற்சிகளை ஏற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆங்கிலத்தில் இதற்கு 'ஒன்றரைப் பாடம்' என்ற பொருளில் ஒரு கேலிப் பெயரே உண்டு. மாணவர் பாதிப் பருவத்தில் இணையப் பகுதியைக் கைவிடுவார். மதிப்பெண் இல்லாவிட்டால் அதற்கும் முன்பே.

தமிழ்க் கட்டுரை எழுதும் பாடம் ஒன்றை 15 வாரத்துக்கு, வாரம் மூன்று மணி என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு 90 நிமிடம், இணையத்துக்கு 90 நிமிடம். இணையப் பங்கில் காணொளி 8 நிமிடம், அதையொட்டிய சந்திப் பயிற்சி 12, 150 சொல்லில் ஒரு பத்தி எழுத 40, சக மாணவர் இருவரின் பத்தியைப் படித்துக் குறிப்பெழுத 30. வகுப்பு செவ்வாயன்று என்றால் பத்தி வெள்ளி இரவுக்குள், குறிப்பு ஞாயிறு இரவுக்குள் வர வேண்டும். திங்களன்று ஆசிரியர் அவற்றிலிருந்து மூன்று வாக்கியங்களைப் பெயரின்றி எடுத்து வைப்பார். செவ்வாய் வகுப்பே அந்த மூன்று வாக்கியங்களைத் திருத்துவதில் தொடங்கும். பத்தி எழுதாமல் வந்தவருக்கு வகுப்பில் பிடி கிடைக்காது. கலப்பு நிகழும் இடம் இதுதான்.

வகுப்பு நேரத்தில் விரிவுரை வேண்டாம்; உரக்கப் படிக்க வைக்க வேண்டும். இங்கே பெரும்பாலான மாணவருக்கு வீட்டுமொழி, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். 'மோ பே அல் லெகோல்' என்ற வரிசையில் வினை நடுவில் நிற்கும். அதே வரிசையில் 'நான் போகிறேன் பள்ளிக்கூடத்துக்கு' என்று எழுதுவார்கள். பேச்சில் அப்படி வருவதுண்டு. கட்டுரையில் வரிக்கு வரி வந்தால் இடறும். கண் பிடிக்காததைக் காது பிடிக்கும். ல, ள, ழ வேறுபாடும் அப்படியே. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று தடுமாறும் மாணவர் அதைத் தட்டச்சில் கற்றுக்கொள்ள மாட்டார். தமிழ்99 விசைப்பலகையில் மூன்றுக்கும் தனித்தனி விசை உண்டு. ஆனால் கை பழக நாளாகும். ஆகவே முதல் சில வாரங்கள் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். இல்லாவிட்டால் 40 நிமிடமும் தட்டச்சுக்கே போகும்.

சக மாணவர் குறிப்பில் 'சூப்பர்' என்ற ஒரு சொல் மட்டும் வந்தால் குறை கேள்வியில் இருக்கிறது. 'கருத்துச் சொல்லுங்கள்' என்று கேட்காமல், இப்படிக் கேட்டால் பதில் வரும்: எந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தாய்? எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் எங்கே இடைவெளி கூடியது?

பிரெஞ்சில் எழுதி இயந்திரத்தில் மொழிபெயர்த்த பத்தியும் கண்ணுக்குத் தெரியும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தேவையின்றி 'ஒரு' நிற்கும். 'என்னால் எழுதப்பட்டது' போன்ற செயப்பாட்டு வினைகள் அடுக்கடுக்காக வரும். தடை போடுவதைவிட, கட்டுரைச் சட்டகத்தையும் முதல் பத்தியையும் வகுப்பிலேயே கையால் எழுத வைப்பது பலன் தரும்.

இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்து வைக்க வேண்டும். சூறாவளி எச்சரிக்கையால் கல்லூரி மூடப்படும்போதோ, 2020 மார்ச்சில் வந்தது போன்ற பொதுமுடக்கத்திலோ நடத்துவது அவசர இணைய வகுப்பு. அது கலப்புமுறை ஆகாது. மின்சாரம் போகக்கூடிய நாளில் நேரலையை நம்பாமல், முன்னமே இறக்கி வைத்துக்கொள்ளும் கோப்பாகப் பாடத்தைக் கொடுக்க வேண்டும். சிலர் அறையிலும் சிலர் திரையிலும் ஒரே நேரத்தில் இருப்பதை 'இருமுனை வகுப்பு' எனலாம். கட்டுரைப் பாடத்துக்கு அது பொருந்தாது. அறையில் ஒருவர் உரக்கப் படிக்கும் வாக்கியம் திரைக்கு அப்பால் இருப்பவருக்குப் பாதிதான் கேட்கும்.